சொதிக்கு வெட்டிய ஆர்க்டிக் மீன்

ஓகஸ்ட் 19, செவ்வாய்

இன்று மகளின் ஆராய்ச்சியை என் கையாலேயே வெட்டிவிட்டேன்.

மதுரா ஆர்க்டிக் தீவொன்றில் இரண்டு மாதம் கடற்பறவைகளை ஆராய்ந்துவிட்டு நேற்றிரவு வந்தாள். பறவைகள் குஞ்சுகளுக்குக் கொண்டுவந்து தவறவிட்ட நாலு மீன்களை எங்கள் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. என் கணவர் வாங்கியது என்று நினைத்துத் தேங்காய்ப்பால் சொதிக்கு வெட்டிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அம்மா, குடல் எங்க?" என்றாள்.

குப்பை வண்டி வியாழன்தான் வரும். அதுவரை நாறாமலிருக்க, குடலைப் பையில் கட்டி ஃப்ரீசரிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்ததும் கட்டிப்பிடித்தாள். மீன் என்ன தின்றது என்று அறிய அவளுக்கு முக்கியமாக வேண்டியது அதுதானாம்.

"உந்த மீனில கொழுப்பே இல்லையடி. வெட்டேக்கையே தெரிஞ்சுது."

"ஓம் அம்மா. ஐஸ் முந்தியவிட வேளைக்கே கரையுது. கொழுத்த மீனெல்லாம் இன்னும் வடக்க போயிட்டுது. உந்த மெலிஞ்ச மீன் குஞ்சுகளுக்குக் காணாது." எத்தனை குஞ்சு செத்தது என்று நான் கேட்கவில்லை.

பிறகு நான் சொன்னதைத் தன் கொப்பியில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். என் பெயர், பக்கத்தில் 'இருபது வருடமாக மீன் வெட்டுபவர்'.

எனக்கு வேலை மீன்கடையில்; எங்கே என்று யாரும் கேட்டால் 'கடை' என்று மட்டும் சொல்பவள் நான்.

கை இன்னும் மீன் மணக்கிறது. இன்றைக்கு இருக்கட்டும்.