ஐஸ் கம்பெனியில் பழகிய குளிர்

இன்று காலை கல்லூரி மேடையில் வைத்து அந்த நீல ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தார்கள். சலவைக்குப் போட்டு, இஸ்திரி போட்டு, சென்ட் வேறு அடித்திருந்தார்கள். ஆனாலும் மடிப்பைப் பிரித்ததும் உள்ளே இருந்து பழைய வாசனை வந்துவிட்டது. கொஞ்சம் அமோனியா, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் உன்னை நினைத்து நிறைய அழுதிருக்கிறேன். இன்று அழவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. சோறு இறங்காது என்று தெரிந்துதான் வீட்டுக்கு வந்ததும் நேராக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மேடை எதற்கு என்று கேட்பாய். உன் பெயரில் அயல்நாட்டுக் கல்விப் பயண மையம் திறந்தார்கள். நம் டிபார்ட்மென்ட் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்களே, அந்த அறைதான். இப்போது வெள்ளையடித்து ஏசி மாட்டியாயிற்று. நீ இருந்தவரை ஒரு மேஜை கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதன் வாசலில் வைக்க ஒரு கண்ணாடி ஷோகேஸ், இன்றைக்கு மேடையில் நின்றது. அதற்குள் மாலை போட்ட உன் போட்டோ, பக்கத்தில் ஜாக்கெட்டை மாட்ட ஒரு ஹேங்கர். போன வருடம் போய் வந்த பையன் கொடுத்து நான் டிபார்ட்மென்ட் பீரோவில் வைத்திருந்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். "மேடம், நீங்கதான் அவங்களுக்கு க்ளோஸ். நீங்களே உள்ள மாட்டிப் பூட்டுங்க" என்று சாவியையும் நீட்டினார் தாளாளர்.

மூன்றாவது வரிசையில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறவள். காட்டுப்பள்ளிக்கு இந்தப் பக்கம் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். போன வருடம் அவளைக் கூப்பிட்டு, அடுத்த தடவை ஜாக்கெட் உனக்குத்தான் என்று நீ சொல்லி வைத்தாயே, அதே கோகிலா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஷோகேஸில் வைக்கச் சொன்னவர்களுக்கு இது எங்கெங்கே போய் வந்த ஜாக்கெட் என்று ஏதாவது தெரியுமா? வருடத்துக்கு ஒரு மாணவரைக் குளிர்காலப் பருவத்துக்குப் படிக்க எடுத்துக்கொள்கிறது அந்த ஜெர்மன் பல்கலைக்கழகம். நம் ஆட்கள் செய்ததெல்லாம் அதைப் பெரிய எழுத்தில் ஹைவேயில் பேனர் வைத்ததுதான். பாஸ்போர்ட், விசா, தங்குகிற அறை, இன்சூரன்ஸ், பெட்டியில் எதை வைப்பது எதை விடுவது, எல்லாம் உன் தலையில். வகுப்பிலும் ஒரு மணி நேரம் குறைக்கவில்லை. விமானத்தில் காலே வைக்காத நீதான் கும்மிடிப்பூண்டியிலிருந்து பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினாய். முதலில் போனவன் அங்கே பழைய துணிக்கடையில் இதை வாங்கி, திரும்பி வந்ததும் உன்னிடம் கொடுத்தான். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாய். போகிறவர் போட்டுக்கொண்டு போகவேண்டும், வந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அமோனியா வாசனை பழவேற்காட்டு ஐஸ் கம்பெனியுடையது. உன் சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். நீ போகப்போகிற பிள்ளைக்கு ஜாக்கெட்டை மாட்டி, ஐஸ் கட்டிகள் அடுக்குகிற அறைக்குள் பெட்டியோடு அனுப்பிக் கதவைச் சாத்துவாய். உள்ளே நின்றுகொண்டு கையுறையோடு ஜிப்பைத் திறக்கவேண்டும், பாஸ்போர்ட்டை எடுக்கவேண்டும், தங்கப்போகிற இடத்தின் விலாசத்தை ஆங்கிலத்தில் போனில் சொல்லவேண்டும். ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நான் சிரித்தபோது நீ சிரிக்கவில்லை. "கை மரத்துப் போச்சின்னா மூளையும் மரத்துப் போவும்டி. அது இங்கியே மரத்துப் போவட்டும், நாம பக்கத்துல கீறோம்" என்றாய்.

கருவாட்டு வாசனை ஒரு அம்மா செய்த வேலை. கருவாடு கூடாது, ஊறுகாயைக்கூட யோசித்துத்தான் வைக்கணும் என்று நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, டீச்சர் பெட்டியில்தானே வைக்கக்கூடாது என்றாங்க என்று, ஜாக்கெட்டின் உள்துணியைப் பிரித்து நெத்திலியை வைத்துத் தைத்துவிட்டாள். அங்கே இறங்கியதும் விமான நிலையத்து நாய் பையனை விட்டு நகரவில்லை. அவன் அழுதுகொண்டு உனக்குப் போன் செய்தான். நீ அந்த அதிகாரியிடம் பேசி, மன்னிப்புக் கேட்டு, அவனை வெளியே கொண்டுவந்தாய். போனை வைத்துவிட்டு, "நாய்க்கும் நம்ம ஊரு சரக்கு புடிச்சிப் போச்சி பாரேன்" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாய். எத்தனை சலவைக்கும் அந்த வாசனை போகவில்லை.

விசா நேர்காணலுக்கு ஒத்திகை பொன்னேரி ரயிலில். காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தில் மூச்சுவிட இடமிருக்காது. அங்கே நிற்கவைத்து நீ கேள்வி கேட்க, பிள்ளை சத்தமாகப் பதில் சொல்லவேண்டும். இந்தக் கூட்டத்தில் வாய் திறந்தவர்களுக்கு எந்தக் கவுன்டரிலும் வாய் திறக்கும் என்பது உன் கணக்கு. போகப்போக இரும்பு மில்லில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு தானே அதிகாரி ஆகிவிட்டார். எந்தப் பிள்ளையானாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "அதெல்லாம் சரி, திரும்பி வருவியா?" பிள்ளைகள் நாடு, சேவை என்று ஆரம்பித்தால் நீ தலையில் ஒரு தட்டு தட்டுவாய். உனக்கு இங்கே உண்மையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல் என்பாய்.

அப்புறம் உனக்கே அழைப்பு வந்தது. நீ அனுப்பிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகமே ஒரு பருவத்துக்கு உன்னை வந்து பாடம் நடத்தச் சொன்னது. அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனாய். ஜாக்கெட்டை நீயே மாட்டிக்கொண்டு ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் வெளியே நின்று கத்தியும் வரவில்லை. வந்தபோது உன் இமையெல்லாம் ஈரம், மூக்கு சிவந்திருந்தது. கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அளவா கீதுடி" என்றாய்.

மறுநாள் தாளாளர் அறைக்குப் போனாய். லீவு இல்லை என்றார். "நீங்க போய்ட்டா இந்தப் பசங்கள யாரு அனுப்பறது?" என்று உன்னையே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தாய். நான் உள்ளே போய்ச் சண்டை போடுகிறேன் என்று எழுந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாய். "உடுடி. அடுத்த தபா பாத்துக்கலாம்." அடுத்த தபாவும் வந்தது. அப்போதும் அதே அறை, அதே பதில், அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்காக அப்படிச் சிரித்தாய்? ஊர்ப் பிள்ளைகளுக்காக எந்தக் கவுன்டரிலும் நின்று வாதாடிய வாய், உனக்கு என்று வந்தபோது எங்கே போயிற்று?

உன்மேல் இன்னொரு கோபமும் இருக்கிறது. இன்சூரன்ஸ் பற்றி நீ எடுக்கும் வகுப்பு எனக்கே மனப்பாடம். ஜுரம் வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு அறையில் படுத்துக் கிடக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ, அடுத்த ஊரில் வீரம் காட்டாதே என்பாய். போன வருடம் ஜெர்மனிக்குப் போன பையன் கிளம்புகிற வாரம் உனக்கு ஜுரம் வந்தது. நீ மாத்திரையை விழுங்கினாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் கூப்பிட்டதற்கு, அவனை ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். விமான நிலையத்தில் அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணுக்கு மறைகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரும்பி வருகிற வழியில் காரிலேயே என் தோளில் சாய்ந்துவிட்டாய். டெங்கு, முற்றிவிட்டது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் என்னைத் திட்டினார். உனக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ கண் திறக்கவேயில்லை.

சரி, மேடைக்கு வருகிறேன். என்னிடம் சாவி கொடுப்பதற்கு முன் தாளாளர் பேசினார். இந்தக் கல்லூரி உனக்குக் குடும்பம் மாதிரியாம். "வெளிநாடு போற வாய்ப்பு தேடி வந்துச்சு. ஆனா நம்ம மேடம், என் காலேஜ விட்டுட்டுப் போவமாட்டேன்னு அவங்களே வேணாம்னுட்டாங்க" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உன் தம்பியும் ஒன்றும் தெரியாமல் தட்டினான். செத்துப்போனவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியம்தானே.

பிறகு ஜாக்கெட்டும் சாவியும் என் கைக்கு வந்தன. வாசனை மூக்கில் ஏறியது. மைக் இன்னும் அணைக்கவில்லை. நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "அவங்க வேணாம்னு சொல்லல சார். ரெண்டு தபா கேட்டாங்க. நீங்கதான் அனுப்பல" என்றேன். ஜாக்கெட் இல்லாமலே ஷோகேஸைப் பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி, மூன்றாவது வரிசைக்குப் போய் ஜாக்கெட்டைக் கோகிலாவிடம் கொடுத்தேன். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நீ என் முந்தானையைப் பிடிக்க அங்கே இல்லை.

சாயங்கால ரயிலில் நானும் அவளும் ஒன்றாக வந்தோம். ஷிப்ட் முடிந்த கூட்டம். அந்த மில் அண்ணன் இருந்தார். கோகிலாவின் மடியில் இருந்த ஜாக்கெட்டைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விசா கைக்கு வந்தாயிற்று என்று நான் சொல்லியும் பழக்கம் விடவில்லை.

"இன்னாம்மா, திரும்பி வருவியா?"

"வந்துதானண்ணா ஆவணும். அடுத்து போறவங்களுக்கு ஜாக்கெட்டக் குடுக்கணுமே."

அவர் டிபன் கேரியர் மூடியில் முத்திரை குத்துவதுபோல ஒரு தட்டு தட்டினார். தாளாளர் சொன்ன மாதிரி நான் பூட்டிவைத்து, இவள் அதைக் கண்ணாடிக்குள் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தால், அங்கே குளிரில் நடுங்கியிருப்பாள், இந்தப் பதிலும் அவளிடம் இருந்திருக்காது.

ஆபீஸிலிருந்து சாவி கேட்டு போன் வந்துகொண்டே இருக்கிறது. நான் எடுக்கவில்லை. நாளைக்கு மெமோ வரும், வரட்டும். ஷோகேஸுக்குள் உன் போட்டோவும் வெறும் ஹேங்கரும் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் இங்கே என்ன இருந்தது என்று கேட்கட்டும், நான் சொல்கிறேன். சாவி என் கைப்பையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோகிலாவை ஐஸ் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கதவை நான் சாத்துகிறேன்.

பொன்னேரியில் இறங்குவதற்கு முன் அவள் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது, கை மட்டும் விரலை மூடித் தொங்கியது. மடித்துவிட்டேன். உனக்குத்தான் அது அளவாக இருந்தது.