அரை இஞ்ச் குறைத்தேன்

மார்ச் 3, செவ்வாய்

அடுத்த செவ்வாய் அறுவை சிகிச்சை. இடது மார்பு. முழுவதும் எடுக்க மாட்டார்களாம். புற்றுக் கட்டியையும் அதைச் சுற்றி ஒரு விரல்கடை சதையையும் எடுத்துவிட்டு, பள்ளம் விழும் இடத்தை என் முதுகுச் சதையிலிருந்தே ஒரு துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்புவார்களாம். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவளுக்குப் படம்! "ஒட்டு எந்த வாட்டத்துல வரும்?" என்று கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க தையல்காரங்களா?" என்றார். பிறகு அரை மணி நேரம் இருவரும் தொழில் பேசினோம்.

பக்கத்தில் வாலு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா மகள். நான் வைத்த பேர் அது, முப்பத்தொரு வயதாகியும் மாறவில்லை. லிஃப்ட் பராமரிக்கிற வேலை. அக்கா போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு நாதி கிடையாது.

கிளம்பும்போது டாக்டர் அவளிடம், "அம்மாவுக்கு இதே நோய், இப்ப சித்திக்கும். நீங்க வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிக்கணும்மா" என்றார். "பாக்கலாம்" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டாள் என்று அர்த்தம்.

மார்ச் 12, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். முதுகில் ஒரு குழாய், அக்குளுக்குக் கீழே ஒரு குழாய். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கட்டுப் பிரித்தார்கள். பார்த்தேன். வீங்கிக் கன்றியிருக்கிறது, ஆனால் பள்ளம் இல்லை. நடுவில் என் முதுகுத் தோல், கொஞ்சம் கறுப்பாக, முட்டை வடிவத்தில். தையல் சீராக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதே எனக்கு எரிச்சல்.

நர்ஸ் அந்தத் தோலில் பஞ்சை ஒற்றினாள். யாரோ என் முதுகில், இடது தோளுக்குக் கீழே, விரலால் தொட்டார்கள். வெடுக்கென்று திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். "இருக்கும்மா. மார்பைத் தொட்டா முதுகைத் தொட்ட மாதிரி இருக்கும். இடம் மாறினது அந்த நரம்புக்கு இன்னும் தெரியாது. சிலருக்குப் போகும், சிலருக்கு அப்படியே நின்னுடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பின்னால் வந்து நின்று அதே இடத்தில் ஒரு விரலால் குத்துவாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 29, ஞாயிறு

வீடு. வாலு லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறாள், மாத்திரையை எண்ணித் தருகிறாள், குழாயில் வந்த நீரை அளந்து தேதி போட்டு எழுதிவைத்தாள். லிஃப்ட்டுக்குச் செய்கிற மாதிரி என்னையும் பராமரிக்கிறாள்.

சாப்பிடும்போது ஸ்கேன் பேச்சை எடுத்தேன். "விடு சித்தி. அம்மாவுக்கு ஒரு அறிகுறியாவது இருந்துச்சா? நல்லாத்தானே இருந்தா. திடீர்னு வந்துச்சு, கொண்டுபோயிடுச்சு. வர்றது வந்தே தீரும். இதுல தேடிப் பாத்து என்ன ஆகப்போகுது?"

வாயில் வைத்த கவளம் புரையேறியது. தண்ணீர் குடித்தேன். அவள் என் தலையில் தட்டி, "மெதுவா" என்றாள்.

ஏப்ரல் 11, சனி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. முதுகு வளைந்திருந்தால் முதுகுத் துண்டை நீட்டி வெட்டுவோம். ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே பஞ்சு வைப்போம். வாயைத் திறக்க மாட்டோம். வந்தவர் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் வேலை. அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் ஊறிப்போனது.

ஏழு வருடம் முன்னால், அக்கா புதுச் சட்டையைப் போட்டு அளவு பார்க்க வந்தாள். மார்புக்கு இடம் விட மடித்துத் தைப்போமே, அந்த டாட், இடது பக்கம் பழைய அளவில் உட்காரவில்லை, தொளதொளவென்று நின்றது. "கையைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். எலாஸ்டிக் போட்டு இழுத்த மாதிரி தோல் ஒரு இடத்தில் உள்ளே போனது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வாயில் நாலு குண்டூசி வேறு வைத்திருந்தேன்.

இடது டாட்டில் அரை இஞ்ச் குறைத்தேன்.

"என்ன கைடி உனக்கு, ஒரு சுருக்கம் இல்லை" என்று கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை! பத்து மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எலும்பு வரை போயிருந்தது. வயதானால் அப்படித்தான் என்று நினைத்தேனா, பயந்தேனா, வேலை மும்முரமா? ஆறு வருடமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் செல்லுபடியாகவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் கடை, மதியம் கதிர் சிகிச்சை. இன்று ஒரு கூத்து. வலது கையால் கத்தரியை அழுத்தி, இடது கையால் துணியைப் பிடித்துக் கீழே இழுத்தால், இடது மார்பு துள்ளுகிறது. முதுகுத் தசை அல்லவா, பழைய வேலையை மறக்கவில்லை. பொத்தான் தைக்கிறவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துடிப்பான ஆளுன்னு என்னைச் சொல்லுவீங்களே, இப்ப நம்புறீங்களா?" என்றேன். பாவம், நூலை விட்டுவிட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் சோர்ந்துபோனது. குளிக்கும்போது சோப்புப் போட்டால் முதுகில் விரல். புரண்டு படுத்தால் முதுகில் விரல். கடையில் அளவு எடுக்கக் குனிந்தால், உள்ளாடை உரசி, முதுகில் விரல். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்புகிறேன். பயமாக இருக்கிறது. அக்கா வந்து நிற்பதற்கு அல்ல. என்ன சொல்ல நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அதற்குத்தான்.

மே 9, சனி

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் "விடு சித்தி". மாதாமாதம் ஊரான் வீட்டு லிஃப்ட்டின் கம்பி கம்பியாகத் தடவிப் பார்க்கிறவள், தன் உடம்பை மட்டும் தலையெழுத்துக்கு விட்டுவிட்டாள். கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். "அம்மாவை என்னால காப்பாத்த முடியலைன்னு நானே செத்துட்டிருக்கேன், நீ வேற" என்றாள்.

இவள் எதற்கு இதைச் சுமக்கிறாள்? இது என் மூட்டை.

சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஸ்கேன் எடுக்க மாட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் விடியும்வரை யோசித்தேன், வெட்கம் கெட்டவள்.

மே 10, ஞாயிறு

சொல்லிட்டேன்.

"உங்கம்மாவுக்கு அறிகுறி இருந்துச்சு. நான் பாத்தேன்."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "எப்ப?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பத்து மாசம் முன்னாடி."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல. சட்டையை மாத்தி வெட்டினேன்."

துணியை மடித்து வைத்தாள். பைக்குள் அவள் சாமான்களை எடுத்து வைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கதவுக்கிட்ட நின்னு, "அவ உன்கிட்ட மட்டும்தான் சட்டை தைப்பா" என்றாள். போய்ட்டா. ஐயோ, போய்ட்டாளே.

மே 17, ஞாயிறு

போன் இல்லை. நானும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது?

மே 30, சனி

கதிர் சிகிச்சை முடிந்து பத்து நாள். தோல் கறுத்து உரிகிறது. டாக்டர் திருப்தியாக இருக்கிறார், மருந்துதான் இனி. "யாரும் கூட வரலையா?" என்று கேட்டார். "வேலை" என்றேன்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அந்த முட்டைத் துண்டை நானே தொட்டேன். முதுகில் விரல். இந்தத் தடவை திரும்பவில்லை. "சொல்லிட்டேன்க்கா. இன்னும் என்ன வேணும்?" என்று சத்தமாகவே கேட்டேன். கையை எடுத்தால் விரலும் போய்விடும் என்று கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றிருந்தேன். இத்தனை நாள் போய்த் தொலையாதா என்று இருந்தவள்தான் நான்.

ஜூன் 6, சனி

மதியம் கதவு தட்டினார்கள். வாலு. வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு. மெலிந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஸ்கேன் எடுத்தேன். வலது பக்கம். அரிசி அளவுதான் இருக்காம், கையால தடவினாத் தெரியவே தெரியாதாம். ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டாங்க. அதேதான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவலை. சீக்கிரமே பாத்துட்டோம்னு சொன்னாங்க. உனக்குப் பண்ணின மாதிரி அந்த இடத்தை மட்டும் எடுத்தாப் போதுமாம்."

"வாலு..."

"இரு. என் கோபம் போகலை. போகுமான்னும் தெரியலை. அதைப் பத்தி நீ ஒண்ணும் பேசாதே." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் கன்னத்தில் அப்பியது. "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டரைப் பாக்கணும். நீ வரணும். எனக்கு அங்க ஒண்ணும் காதுல ஏறாது. நீ வந்து வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காதே சித்தி. என்ன கண்ணுல படுதோ எல்லாத்தையும் கேளு. என் முன்னாடியே கேளு."

கேட்கிறேன் என்றேன். அவள் கன்னத்தில் கிரீஸ் இருக்கிறது என்றும் சொன்னேன்.