பெரிசானாலும் பாவிக்கக்கூடிய பெடல்

என் அன்பு மச்சான்,

நீ கண்மூடுமுன் உன் பேத்தி ஆரபிக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன, ஒரே சக்கரத்தில் ஓடும் ஒற்றைச் சில்லுச் சைக்கிள் வந்துவிட்டது. அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு உன் மகன் குகன் வாங்கினான். ஆனால் அவன் செய்த வேலையைக் கேள்.

சைக்கிளோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் பெடலைக் கழற்றிவிட்டு, பெரிய ஆட்கள் மிதிக்கும் இரும்புப் பெடலைப் பூட்டியிருந்தான். விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக. ஏனடா என்றேன்.

"வளர்ற பிள்ளை மாமா, பெரிசானாலும் பாவிக்கலாம். மினுங்குது பாருங்கோ, பிறந்தநாள் வீடியோவிலயும் வடிவா இருக்கும்."

பெரிய சப்பாத்துக்குள் பஞ்சடைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய சனம் அல்லவா நாம்! சப்பாத்துப் பெரிதென்றால் பிள்ளை தடுக்கி விழும். இதில் கால் வழுக்கினால், சுழன்று வரும் பெடல் காலைக் கிழிக்கும்.

பிறந்தநாளுக்கு எடுத்த வோபர்ன் மண்டபத்தில் அதுதான் நடந்தது. கேக் வெட்டுமுன் அவளை ஏற்றினார்கள். ஒரு மிதிதான், வெள்ளைக் காலுறை சிவந்துவிட்டது. வீடியோக்காரர் கமராவை இறக்கவேயில்லை. "துடைச்சுப்போட்டு இன்னொருக்கா ஏத்துங்கோ அண்ணை" என்றார். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தச் சர்க்கஸ் என்னத்துக்கு?" என்று ஒரு அன்ரி கட்லட்டைக் கடித்தார். குகன் அவளை மறுபடி தூக்கி ஏற்றினான், மச்சான். இவனையா நாம் வளர்த்தோம்?

பிறகு அவள் சைக்கிளின் பக்கமே போகவில்லை. "பயந்திட்டாள், வித்துப்போடுவம்" என்றான் குகன். அவளிடம் கேட்டேன்.

"ஐம் நொட் ஸ்கேர்ட், தாத்தா. அது கடிக்குது."

முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சில்தானே கொடுப்போம்? எழுதப் பழகட்டும், பேனா பிறகு வரும். பழைய பெடல் பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டதாம். அவளையே கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெடல் ஒவ்வொன்றிலும் சப்பாத்தை வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள்: அவள் பாதத்தின் அகலம், பாரமில்லாத பிளாஸ்டிக், மழுங்கிய விளிம்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் மிதிக்கலாம். "உது காணும் தாத்தா" என்றாள். அதுவே போதுமாம், வாங்கிப் பூட்டினேன்.

இப்போது வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் சுவரைப் பிடித்தபடி சைக்கிள் ஓடுகிறாள். விழுகிறாள்தான். ஆனால் இரத்தம் இல்லை. குகனோ இரும்புப் பெடலைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறான், பெரிசானால் போடலாமாம். சீ!

அவள் சுவரை விடும் நாள் வரும், மச்சான். அன்றைக்கு ஒரு கமராவையும் அந்தப் பக்கம் அண்டவிட மாட்டேன். இது சத்தியம். உன் சார்பில் நான் மட்டும் கைதட்டுவேன்.

உன் பேத்தியின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடும்,
உன் மச்சான்