ஆர்கனில் கிடந்த கொலுசு

இன்று காலை கொலுசைக் கழற்றித் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஞாபகம் வந்தது. பாசத்தில் வந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம், வயிற்றெரிச்சலில் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

கல்யாணத்தின்போது எருமப்பட்டியில் என் அப்பா போட்டு அனுப்பிய கொலுசை விற்றுத்தானே முதல் ஆர்கனை வாங்கினீர்கள்? பெங்களூரில் ஏதோ கிளப்பில் பாடி ஓய்ந்த எலக்ட்ரானிக் ஆர்கன். செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு இது எதற்கு என்று தெருவே கேட்டது. நீங்கள் அதைக் குப்புறக் கவிழ்த்தீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மெல்லிய கம்பிகள். கட்டையை அமுக்கினால் கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்ளும், அப்போதுதான் சத்தம் வரும் என்றீர்கள்.

"அத்தனையும் வெள்ளி, அம்மிணி. டிரான்சிஸ்டரு, ஸ்பீக்கரெல்லாம் ரிப்பேருக்கு ஆகும். இந்தக் கம்பியச் சேத்து உருக்குனா உனக்குக் கொலுசு."

நம்பினேன். அதற்குப் பிறகு வந்த பழைய ஆர்கன்களுக்கெல்லாம் கம்பி எடுத்தது யார்? நான்தான். நீங்கள் ஈயத்தை இளக்கி மற்ற சாமான்களைப் பிடுங்குவீர்கள். நான் முள்வாங்கியோடு உட்கார்ந்து கம்பிகளை உருவுவேன். "வளைக்காம எடு, வளைக்காம எடு" என்பீர்கள். உருக்கப்போகிற வெள்ளி வளைந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கறுத்துக் கிடந்த கம்பிகளைக் கொலுசு தேய்ப்பதுபோலவே திருநீறு போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்து, ஒரு டப்பாவில் சேர்த்தேன். என் கொலுசுதானே! பண்டிகைக்கு எருமப்பட்டி போனால் அண்ணன் மனைவியின் கண் முதலில் என் காலுக்குத்தான் போகும். சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நடப்பேன்.

டப்பா நிறையப்போகிற நேரத்தில் வந்தாள், வாழப்பாடிக்காரி. அங்கே மெல்லிசைக் குழுவில் ஆர்கன் வாசிக்கிறவள். அவள் ஆர்கனில் பாதிக் கட்டை ஊமை. "அண்ணே, திருவிழாவுக்கு மேடை ஏறணும். எப்படியாவது பேச வச்சுருங்கண்ணே" என்றாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

கடைக்குப் பின்னால்தானே நம் வீடு. அடுப்படியில் நின்றபடி பார்த்தேன். டப்பாவைத் திறந்து, என் கம்பிகளை அவள் கட்டைகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஈயத்தால் பற்ற வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க, அது எங் கொலுசுங்க."

"கொலுசு எப்ப வேணாலும் பண்ணிக்கலாம். இந்தச் சத்தம் கெடைக்குமா அம்மிணி?"

அவள் வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் வாசித்தாள், அதுதான் ஆத்திரம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். என் சமையலைச் சாப்பிட்டு ஒரு நாளாவது அப்படிக் கண்ணை மூடியிருப்பீர்களா?

திருவிழா மேடையில் கட்டைகள் கரகரவென்று இரைந்தனவாம். நான் தேய்த்த திருநீறு கம்பியின் நுனி வளைவுகளில் தங்கிவிட்டிருக்கிறது. சேதி வந்த அன்றைக்கு எனக்குப் பாயசம் வைத்துக் குடிக்கலாம்போல் இருந்தது. நீங்கள் பிரஷ்ஷை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வாழப்பாடி பஸ் ஏறியதும் பாயசம் கசந்துவிட்டது. அதற்கும் அவள் வீட்டுக்குத்தானே போனீர்கள்! அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, துடைக்கிறேன், பார்க்கிறேன் என்று போய்க்கொண்டே இருந்தீர்கள். பழைய ஆர்கன் வருவதும் நின்றது. டப்பாவில் நான் மிளகு போட்டு வைத்தேன்.

உங்கள் காரியம் முடிந்து சில மாதம் கழித்து, அவள் அந்த ஆர்கனை பஸ்மேல் ஏற்றிக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினாள். குழுவுக்குப் புதுசு வாங்கிவிட்டார்களாம். "அண்ணன் கைபட்டது, அக்கா. வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல. நீங்களே வச்சுக்குங்க."

வைத்துக்கொள்வதா? மறுநாளே கவிழ்த்துப் போட்டேன். வளைவுகளில் நீங்கள் துடைத்தும் போகாத என் திருநீறு, கோடு கோடாக. ஒன்று விடாமல் உருவினேன். வெள்ளிப் பட்டறையில் கொடுத்துக் கொலுசாக வாங்கினேன். மெல்லிசுதான். புருஷன் போன பிறகு இதென்ன ஆசை என்றாள் அண்ணன் மனைவி. "அவிய இருந்தப்பவே போட்டிருக்கோணுங்க நங்கை" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாழப்பாடி போனேன். வேண்டுமென்றேதான் போனேன். அவள் வீட்டு வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்தேன், திரும்பவும் நடந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பியாக்கா?"

"ஆமா."

முகம் சுண்டும் என்று காத்திருந்தேன். சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"வர்றப்பல்லாம் அண்ணன் சொல்லுவாருக்கா. 'பாத்து அமுக்கு, அது எம் பொஞ்சாதி காலுல கெடக்க வேண்டிய வெள்ளி. அவ கைவேல எனக்கே வராது'ன்னு."

வர்றப்பல்லாமா! என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னீர்களா? காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கொலுசை அவளிடமிருந்து உருவிக்கொண்டேன், சரி. அந்த வார்த்தையை உங்கள் குரலில் அவள் அல்லவா கேட்டு வைத்திருக்கிறாள். அதை எந்த முள்வாங்கியால் உருவுவேன்?