உப்புத் தட்டில் ப

பிப்ரவரி 3, திங்கள்

தண்ணீர் மோட்டார் பராமரிப்புக் கையேடு மெய்ப்புக்கு வந்திருக்கிறது. நாற்பது பக்கம். முதல் பக்கத்திலேயே ஏழு பிழை.

மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது, "பாப்பாவுக்கு எழுத்து சொல்லிக் கொடுங்களேன். ஜூன்ல ஸ்கூல். அதோட…" என்று நிறுத்தினாள். அதோடு என்ன என்பது இருவருக்கும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். அவள் மகளுக்கு நான்கு வயது. பாப்பா இதுவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் 'இவர்'. "அம்மா, இவர் குளிச்சிட்டார்." மாடியில் குடிவந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

பிப்ரவரி 4

முதலில் விரல், பிறகுதான் பென்சில் என்று எங்கோ படித்தேன். தட்டில் பொடி உப்பைப் பரப்பினேன். சாப்பாட்டு மேஜையில் பாப்பாவின் பக்கத்து நாற்காலியை இழுத்தேன்.

"அங்க முயல் இருக்கு."

இருந்தது. துணி முயல், ஒற்றைக் காது. எதிரே போய் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 5

ட, ப, ம. நான் எழுதுகிறேன். அவள் பார்க்கிறாள், தட்டைக் குலுக்குகிறாள், அதையே எழுதுகிறாள். ஒரு பிழை இல்லை. நடுநடுவே உப்பை நக்குகிறாள். முயலுக்கும் ஒரு விரல்.

பிப்ரவரி 8

"ப எப்படி இருக்கு? வாளி மாதிரி இல்ல?"

"வாசல் மாதிரி."

வாளியை யாரும் சொல்லிவிடுவார்கள். வாசல்! ஒரு மணி நேரம் இதையே யோசித்தேன். மோட்டார் பதினோராம் பக்கத்திலேயே நிற்கிறது. உள்ளே போவதற்கென்று ஓர் எழுத்து. அவள் உள்ளே போய்விட்டாள். நான்?

பிப்ரவரி 11

உப்புத்தாள் வாங்கி எழுத்துகளாக வெட்டினேன்.

"எந்தக் கதவுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"குழந்தைக்கு."

அவர் தாளைச் சுருட்டிக் கொடுத்தார்.

எழுத்தை அவள் முன்னால் வைப்பேன். கண்ணை மூடித் தடவிச் சொல்ல வேண்டும். ஆறுக்கு ஆறு.

பிப்ரவரி 14

மாவில் எழுத்து. ம போய் முயல் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. கழுவிக் கொடியில் போட்டேன்.

"அம்மா, இவர் முயலைக் குளிப்பாட்டினார்."

புகாரா, செய்தியா?

பிப்ரவரி 16, ஞாயிறு

மனைவிக்கு விடுமுறை. முயலை மடியில் வைத்துக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படப் புத்தகத்தைப் பிரித்தாள். "இது என்ன எழுத்து?"

பாப்பா உதட்டைப் பிதுக்கினாள்.

"சரி, இது?"

மறுபடியும் அதே உதடு. எனக்குக் காது சூடானது. பாப்பா கொஞ்சம் பார்த்தாள், பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். "ப. ட. ம. ட." கடகடவென்று.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"நீங்க எங்க உக்காந்து எழுதுவீங்க?"

"எதிர்ல."

"இவ?"

"எதிர்ல."

"சரி. அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. அவள் சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி சிரித்தாள்.

நான் எழுதியது பாப்பாவுக்குத் தலைகீழ். அவள் அதை அப்படியே எழுதினாள். எதிரே இருந்த எனக்கு அது நேர். உப்புத்தாளும் அப்படித்தான். பன்னிரண்டு நாள்.

வாசல் இல்லை. கவிழ்ந்த வாளி.

பிப்ரவரி 17

பிழை பார்ப்பது என் தொழில்.

பிப்ரவரி 18

எதிரே இருந்தபடியே தலைகீழாக எழுதப் பழகுகிறேன். ட வருகிறது. ம வரமாட்டேன் என்கிறது.

"எதுக்கு இந்த வித்தை? முயலை எடுத்து அலமாரியில வெச்சா முடிஞ்சுது" என்றாள் மனைவி.

"அது அவ வெச்சது."

அவள் என் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. குடித்தேன்.

பிப்ரவரி 20

சொல்லிவிட்டேன். "நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன் பாப்பா. உன் மேல தப்பே இல்ல."

அவள் முயலிடம் கேட்டாள்: "இவருக்குத் தெரியலையா?"

முயல் என்ன சொல்லும்.

"தெரியல" என்றேன். நாலு வயசுக் குழந்தைகிட்ட இதைச் சொல்ல எதுக்கு நாலு நாள் ஆகணும்? மோட்டார் கையேடா இது, திருத்தி அனுப்ப?

பிப்ரவரி 21

கையேட்டை அனுப்பினேன். உப்புத் தட்டை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி உப்பு வழியில். பெருக்கிவிட்டு வந்து பார்த்தால் என் நாற்காலியில் முயல்.

நின்றேன். அவள் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"நீ இங்க வா."

"முயலுக்குத் தலைகீழாத் தெரியுமே?"

"அதுக்குப் படிக்கத் தெரியாது."

உட்கார்ந்தேன். நான் ஒரு ப எழுதினேன். அவள் குலுக்கிவிட்டு ஒரு ப எழுதினாள். இங்கிருந்து பார்த்தால் வாளிதான்.

விரலை உப்பில் தொட்டு நக்கினாள். எனக்கும் ஒரு விரல்.