எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். குமணன்சாவடியில் பஸ் நகரவே இல்லை. அம்பத்தூர் போய்ச் சேர்ந்ததும் மேனேஜரிடம் கேட்டுவிட்டேன்: கம்பெனி சர்வரை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா. மகள் பிரசவத்துக்கு அவர் ஆம்பூர் கிளம்புகிறார். பிறகு யார்? எனக்கு வேறு நாதி இல்லை.

மேனேஜர் சொன்னது: "மொதல்ல ரெடி பண்ணிக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்." இவருடைய 'அப்புறம்' எனக்குத் தெரியாதா.

ஜூன் 10, செவ்வாய்
சர்வரை நிறுத்தினால் சரக்கு டெஸ்பாட்ச் நின்றுவிடும். அதனால் ஓடும்போதே, விண்டோஸுக்குள்ளிருந்தே எல்லாம் செய்தேன். தூரத்திலிருந்தே சர்வரைக் கவனிக்க உள்ளே தனியாக ஒரு சின்ன கார்டு. சர்வர் படுத்தாலும் அது விழித்திருக்கும். கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் தகராறு, மதியச் சாப்பாடு போச்சு. ஒருவழியாக ஐபி, பாஸ்வேர்டு போட்டேன்.

பூந்தமல்லி வந்து லேப்டாப்பில் திறந்தால் ஃபேன், சூடு, டிஸ்க், அத்தனையும் தெரிகிறது! அம்மாவுக்குக் காட்டினேன். "இன்னாடா இது" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 11, புதன்
வெயில். அலர்ட் வேலை. எது கெட்டாலும் எனக்கு மெயில் வர வேண்டும். சோதனை மெயில் காணோம். ஸ்பாமில் கிடந்தது, சனியன்.

வாங்க:
அம்மா மாத்திரை
ரப்பர் ஷீட்
தேங்காய் எண்ணெய்

ஜூன் 12, வியாழன்
ஹெட் ஆபீஸ் பெரியவர் வருகை. மீட்டிங் நடுவில் என் போனில் மெயில்: சர்வர் அறையில் சூடு. ஓடினேன். வாட்ச்மேன் கோதண்டம் ஏசியை அணைத்திருக்கிறார்.

"உள்ள ஆளே இல்ல சார். எதுக்குக் கரண்ட்ட தண்டமா ஓட்டிக்கினு?"

எத்தனை தடவை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்கு. மேனேஜருக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சார், மிஷினே சொல்லிடுச்சு!"

பெரியவர் என்னிடம்: "எங்கேர்ந்து வேணாலும் பாக்கலாமா?"

"எங்கேர்ந்து வேணாலும் சார்." பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். மடையன்.

ஜூன் 13, வெள்ளி
மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. மேனேஜர் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. "பூந்தமல்லிலேர்ந்து பாக்க முடியும்னா ஹெட் ஆபீஸ்லேர்ந்தும் முடியும்ல? இங்க தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்க. நான் என்னங்க சொல்றது?"

ஆக, வேலை போச்சு. அலர்ட் போகும் இடத்தில் என் மெயிலை எடுத்துவிட்டு அவர்களுடையதைப் போட்டேன். பாஸ்வேர்டையும் கொடுத்தேன். சோதனை மெயில் உடனே போய்ச் சேர்ந்ததாம். சொந்தச் செலவில் சூனியம்.

வீட்டு வாசலில் மும்தாஜ் அக்கா, கையில் பை. "நான் கெளம்புறேன் தம்பி. ஊட்லேர்ந்தே வேலைன்னியே, அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

உள்ளே அம்மா, வாய் கோணி, ஒவ்வொரு சொல்லாக: "இனிமே... ஊட்லயே... கீறியா?"

"ஆமாம்மா."

சிரித்தாள். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்க வந்தது. படுத்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.