படையலில் வைத்த பயறு

அம்மாவுக்கு, மண்டியிட்டு வணங்கி பொக்ஹி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? குளிர்காலம் வருவதற்குள் கிம்ச்சி ஊறப் போட்டாயிற்றா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். என் அறையிலேயே தங்கி, என்னோடு ஒரே வண்டியில் மீன் வடிவ ரொட்டி சுட்ட மல்சுன் அக்கா போன வாரம் மாரடைப்பில் போய்விட்டாள். அவளுக்கு வேறு யாருமில்லை. அவள் படத்துக்கு முன்னால் நான்தான் படையல் போட்டேன். ஆசையாகத் தின்பாளே என்று, சிவப்புப் பயறு அடைத்த ரொட்டி மூன்றைச் சுடச்சுட வைத்தேன்.

பக்கத்து வண்டியில் டொக்பொக்கி விற்கும் பாங் அண்ணன் பதறிவிட்டார். "அடிப்பாவி! ஆவிய விரட்டுற பயறப் போயி படையல்ல வெச்சிருக்கியே! அப்புறம் அவ எப்படி வருவா?"

எனக்குத் தெரியாததா? அப்பா படையலுக்கு ஒவ்வொரு வருடமும் நீங்கள் சொல்வதுதானே. அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று.

அறை இப்போது ரொம்பப் பெரிதாக இருக்கிறது. உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், முடிக்கிறேன். இப்போதெல்லாம் ரொட்டிக்குள் கஸ்டர்டுதான் அடைக்கிறேன். பயறு எங்கே என்று கேட்பவர்களிடம், தீர்ந்துவிட்டது என்கிறேன்.

பொக்ஹி